கடவுள் இருக்கக் கொடுமை ஏன்? மதுரையில் ஓர் எட்டு வார வகுப்பு

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. சனிக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, எட்டு வாரம். கட்டணம் 2,400 ரூபாய். 112 பக்க ஜெராக்ஸ் கட்டுக்குத் தனியாக 250. நடத்துகிறவர்களின் பெயரை இங்கே போடவில்லை. குறையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. ஊர் எவ்வளவு பெருத்தாலும் மாசி வீதிக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பாடம் ஒரே ஒரு கேள்விதான். எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முழுக்க நல்லவரான கடவுள் ஒருவர் இருந்தால் உலகத்தில் இத்தனை கொடுமை எப்படி? தத்துவத்தில் இதைத் தீமைச் சிக்கல் என்பார்கள். மதுரைக்கு இது இறக்குமதிச் சரக்கு இல்லை. கோவலன் வெட்டுப்பட்டுக் கிடக்க, கண்ணகி இந்த ஊர்த் தெருவில் நின்று ‘தெய்வமும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல்’ என்று கேட்டது இதைத்தான். ஜெராக்ஸ் கட்டின் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. நல்ல தொடக்கம்.

முதல் நான்கு வாரமும் ஓய்வுபெற்ற ஒரு தத்துவப் பேராசிரியர் எடுக்கிறார். ஐந்தும் ஆறும் ஒரு சைவ சித்தாந்த ஆசிரியர். ஏழாவது வாரம் மலைப் பயணம். எட்டாவது, வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர். தரம் நான்காம் வாரம் வரை ஏறி, ஐந்தில் இறங்கி, கடைசியில் மறுபடி ஏறுகிறது.

முதல் வகுப்பில் பேச்சு குறைவு, வேலை அதிகம். ஐந்து பேருக்கு ஓர் உறை கொடுக்கிறார்கள். உள்ளே அஞ்சலட்டை அளவில் மூன்று வெள்ளை அட்டைகள்: ‘கடவுள் எல்லாம் வல்லவர்’, ‘கடவுள் முழுக்க நல்லவர்’, ‘தீமை இருக்கிறது’. இந்த மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்று காட்ட வேண்டும். ஐந்து நிமிடம். இரண்டாவது நிமிடத்திலேயே எல்லா மேசையிலும் கை எழும்பிவிடும். “இதுல என்ன சார் இருக்கு, முரண்தானே.”

“எங்கே முரண்? விரலை வச்சுக் காட்டுங்க” என்பார் பேராசிரியர். காட்ட முடியாது. அந்த மூன்றில் எதுவும் இன்னொன்றை மறுத்துப் பேசவில்லை. ‘அண்ணாச்சி பெரிய பணக்காரர், அண்ணாச்சி தாராள மனசுக்காரர், அண்ணாச்சி கடை வாசலில் ஒருத்தன் பட்டினி கிடக்கிறான்’ என்ற மூன்று வாக்கியங்களைப் போலத்தான். நெருடுகிறது, ஆனால் முரண் இல்லை. முரணாக்க இன்னும் இரண்டு வாக்கியம் வேண்டும். அவை உறையின் உள்மடிப்பில் மஞ்சள் அட்டைகளாக இருக்கின்றன: ‘நல்லவர் தம்மால் ஆனமட்டும் தீமையை ஒழிப்பார்’, ‘எல்லாம் வல்லவருக்கு முடியாதது எதுவும் இல்லை’. ஐந்தையும் வரிசையாக அடுக்கினால் இப்போது முரண் வந்து நிற்கும். 1955-இல் ஜே. எல். மேக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி தம் கட்டுரையில் செய்த பெரிய காரியம், எல்லாரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அந்த இரண்டு மஞ்சள் அட்டைகளையும் எடுத்து வெளியே வைத்ததுதான்.

வகுப்பின் மூலதனமே இந்த ஐந்து அட்டைகள். பிறகு வரும் ஒவ்வொரு பதிலையும் ‘இது எந்த அட்டையில் கை வைக்கிறது?’ என்று கேட்டே படிக்க வைக்கிறார்கள். வைட்ஹெட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியின் வழியில் வந்த இறையியலாளர்கள் முதல் வெள்ளை அட்டையையே எடுத்துவிடுகிறார்கள்; அவர்களுடைய கடவுள் நல்லதை நோக்கி இழுப்பார், கட்டாயப்படுத்தும் வல்லமை அவருக்குக் கிடையாது. மனிதச் சுதந்திரம் பேசுகிறவர்கள் இரண்டாம் மஞ்சளைத் திருத்துகிறார்கள். துன்பம் பக்குவப்படுத்தும் என்கிறவர்கள் முதல் மஞ்சளைத் திருத்துகிறார்கள். ஒருவர் நீளமாகப் பதில் சொல்லி முடித்த பிறகும் ஐந்து அட்டையும் அலுங்காமல் இருந்தால், அவர் பேச்சை மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

கட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பிழை. ‘தடுக்க விரும்பியும் முடியவில்லையா, முடிந்தும் விருப்பமில்லையா’ என்ற புகழ்பெற்ற கேள்வியைப் பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் நூலிலிருந்து நேராக எடுத்தது போலப் போட்டிருக்கிறார்கள். நமக்குக் கிடைத்துள்ள எபிகூரஸ் எழுத்துகளில் அது இல்லை. அவர் பெயரால் அதை எழுதி வைத்தவர் லாக்டான்டியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், அதுவும் மறுப்பதற்காக. 1779-இல், இறந்த பிறகு வெளிவந்த தம் உரையாடல் நூலில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூம் அதைத் திரும்ப எடுத்துப் போட்டதால்தான் இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது.

முதல் நாள் முடிவில் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதுகிறார்: முரண், சான்று, துயரம். மூன்றும் மூன்று கேள்விகள். கடவுளும் தீமையும் ஒன்றாக இருக்கவே முடியாதா என்பது முதல் கேள்வி; ‘இருக்கச் சாத்தியம்’ என்று காட்டினாலே அது தீர்ந்தது. இவ்வளவு தீமையைப் பார்த்த பிறகும் கடவுள் இருக்கிறார் என்று நம்ப நியாயம் உண்டா என்பது இரண்டாவது. இதற்குச் சாத்தியம் போதாது, நம்பும்படியான காரணம் வேண்டும். மூன்றாவது, பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்பது. ஒரு கேள்விக்குக் காய்ச்சிய கஷாயத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் தப்புகளில் முக்கால்வாசி. முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்த வகுப்பு, ஐந்தாம் வாரத்தில் தானே அதைச் செய்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டாம் வாரம் ஓட்டமாக ஓடுகிறது. பழைய கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினுக்கு அரை மணி நேரம். தீமை தனியாக ஒரு பொருள் இல்லை, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போவதுதான் என்பது அவர் கட்சி. புண் ஆறினால் அது இன்னோர் இடத்துக்குக் குடிபோவதில்லை, இல்லாமல் போகிறது, அது மாதிரி. ‘தீமையைப் படைத்தது யார்?’ என்ற கேள்விக்கு இது நல்ல பதில். ‘ஏன் விட்டுவைத்தார்?’ என்பதற்குப் பதிலே இல்லை. பல்வலிக்காரரிடம் போய் உங்கள் வலி வெறும் இன்மை என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ், 1710. கடவுளுக்கு நியாயம் சொல்லும் முயற்சிக்கு ஐரோப்பியர்கள் இன்று வழங்கும் ‘தியோடிசி’ என்ற சொல்லே அவர் உண்டாக்கியது. உடனே 1755 நவம்பர் 1, போர்ச்சுகலின் லிஸ்பன்: புனிதர் அனைவரின் திருநாள் காலை, கோயில்களில் கூட்டம், நிலநடுக்கம், கடல் அலை, தீ. பிறகு 1759-இல் லைப்னிட்ஸ் கட்சிமேல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் கேலி. இங்கே பேராசிரியர் வால்டேர் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்துவிடுகிறார். லைப்னிட்ஸ் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லவில்லை. ‘இதைவிட நல்ல முழுமை ஒன்று சாத்தியமில்லை’ என்றார். இரண்டுக்கும் இடையே ஒரு கடல் இருக்கிறது. பின்னதைக் கேலியால் சாய்க்க முடியாது.

ஆனால் இதே வாரத்தில் ஒரு பயிற்சி உண்டு, அதற்காக ஓட்டத்தை மன்னிக்கலாம். தீமைகளை இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: மனிதன் செய்தது, இயற்கையில் வருவது. கொலை, வழிப்பறி இந்தப் பக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தப் பக்கம். கடைசியில் தாது வருஷப் பஞ்சம். பாதிப் பேர் யோசிக்காமல் இயற்கைப் பத்தியில் எழுதுவார்கள். மழை பொய்த்தது உண்மை. 1876 முதல் 1878 வரை அந்தப் பஞ்சம் நடந்தபோதே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்ததும் உண்மை. 1877-இல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை, அதுவும் நாள் முழுக்கக் கல் உடைக்கிறவனுக்கு. எந்தப் பத்தியில் எழுதுவது? இரண்டிலும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான், ‘சுதந்திரத்தால் வந்தது’ என்ற பதில் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று அளக்க முடியும்.

மூன்றாம் வாரம்தான் மொத்த வகுப்பிலும் கெட்டியானது. அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா, 1974. தற்காப்பு வேறு, காரணம் காட்டுவது வேறு என்பதை முதலில் பிரிக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் உண்மைக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு மாதிரியும் நடந்திருக்கலாம் என்று காட்டினால் தன் கட்சிக்காரர் தப்பிப்பார். பிளாண்டிங்கா செய்வது அந்த வேலை.

மேக்கியின் கிடுக்கிப்பிடி இது: ஒருவன் சில சமயம் தானாக நல்லதைச் செய்ய முடிகிறதென்றால், எல்லாச் சமயமும் தானாக நல்லதையே செய்வதிலும் முரண் இல்லை. அப்படிப்பட்டவர்களை மட்டும் படைத்திருக்கலாமே? விடையைப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒரு கடைக்காரரிடம் தவறுதலாக ஒரு 500 ரூபாய்த் தாள் கூடுதலாக வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம், கல்லாவில் போடலாம். இரண்டு விதமான உலகமும் கற்பனைக்கு எட்டும். ஆனால் அவரை அவர் போக்கில் விட்டால் கல்லாவில்தான் போடுவார் என்பது உண்மையாக இருந்தால்? அவரை அவர் போக்கில் விட்டு, அவர் திருப்பிக் கொடுக்கும் உலகத்தைக் கடவுளால் கொண்டுவர முடியாது. கையைப் பிடித்துக் கொடுக்க வைத்தால், அது அவர் போக்கு இல்லை. ஆக, கற்பனைக்கு எட்டும் உலகம் எல்லாமே கடவுளால் நடத்திக்காட்டக் கூடியது இல்லை. அதில் பாதி கடைக்காரர் கையில். இப்போது இதை விரிக்க வேண்டும். படைக்கப்படக்கூடிய ஒவ்வொருவரும், எந்த உலகத்தில் சுதந்திரமாக விடப்பட்டாலும் ஓரிடத்திலாவது இப்படிச் சறுக்குகிறவராக இருப்பது சாத்தியம். அது சாத்தியமென்றால், சுதந்திரமான நன்மை இருந்து தீமை அறவே இல்லாத உலகம் எல்லாம் வல்லவருக்கும் கிட்டாமல் போவது சாத்தியம். இரண்டாம் மஞ்சள் அட்டை கிழிந்தது. கடவுள் இல்லை என்று வாதிட்ட வில்லியம் ரோ என்ற தத்துவவாதிகூட, முரண் இருப்பதாக யாரும் நிரூபித்துவிடவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

படிக்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், ‘சாத்தியம்’ என்ற சொல் வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிடும். எல்லா மனிதரும் அப்படித்தான் என்று பிளாண்டிங்கா சொன்னதாக எழுதிவிடுவார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. இன்னொன்று, சுதந்திரம் என்றால் முன்காரணங்களால் தீர்மானிக்கப்படாதது என்ற கொள்கையை இந்த வாதம் கடனாக வாங்குகிறது. காரணங்களால் தீர்மானிக்கப்பட்டும் சுதந்திரமாக இருக்கலாம் என்கிறவர்களிடம் இந்தக் காசு செல்லாது. நிலநடுக்கத்துக்கு என்ன பதில்? வீழ்ந்த தேவதூதர்களின் சுதந்திரச் செயலாக இருக்கச் சாத்தியம் என்கிறார் பிளாண்டிங்கா. அறையே சிரிக்கும். பேராசிரியர் சிரிப்பு அடங்கும்வரை இருந்து, “சாத்தியமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்பார். முதல் கேள்விக்கு அது போதும்தான். இரண்டாவது கேள்வி வரும்போது அதே பதில் கையோடு ஒடிந்து வருவதை அடுத்த வாரம் காட்டுகிறார். பாடம் நடத்தும் கைப்பக்குவம் என்றால் இது.

நான்காம் வாரம் ரோவின் 1979 கட்டுரை. எங்கோ காட்டில் இடி விழுந்து தீப்பிடிக்கிறது. ஒரு மான்குட்டி மாட்டி, வெந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. இதைத் தடுத்திருந்தால் எந்தப் பெரிய நன்மை கெட்டுப்போயிருக்கும்? நமக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஆகவே அப்படியொரு நன்மை இல்லை என்று நம்ப நியாயம் இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை என்று நம்பவும். வகுப்பில் இந்தக் காட்டைச் சிறுமலைக்கு மாற்றிச் சொல்கிறார்கள், அது பரவாயில்லை. மான்குட்டியைப் பார்த்துக் கண்ணீர் விடும் ஓர் ஆட்டுக்காரரையும் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே உதாரணமே செத்துவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ரோவின் மானுக்கு உயிர். ஓர் ஆள் பார்த்துவிட்டால் ‘அவர் மனசில் இரக்கம் பிறந்ததே, அது நன்மைதானே’ என்று வழி திறந்துவிடும். அடுத்த அணிக்காவது ஆட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

ரோவுக்கு மறுப்பு 1984-இல் ஸ்டீஃபன் விக்ஸ்ட்ரா என்ற தத்துவவாதி சொன்னது. தெரியவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்கு எப்போது தாவலாம்? இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் மட்டும். தெப்பக்குளத்து மைய மண்டபத்தில் யானை நிற்கிறதா என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம். எறும்பு ஊர்கிறதா என்று சொல்ல முடியாது. கடவுளின் காரணங்கள் நமக்கு யானையா, எறும்பா? எறும்பு என்றால் ரோவின் தாவல் செல்லாது. பதில் கூர்மையானது, விலையும் அதிகம். எந்தத் துன்பத்துக்குப் பின்னாலும் நமக்குத் தெரியாத நன்மை இருக்கலாம் என்றால், தீயை அணைக்க ஓடுவதா, விடுவதா? கடவுள் தந்ததாகச் சொல்லும் வாக்குறுதிக்குப் பின்னாலும் நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம் அல்லவா? இந்த இரண்டாவது கேள்வியை வகுப்பு தொடவே இல்லை. நம்பிக்கையாளர்களைக் கடிக்கிற கேள்வி அதுதான்.

அதே வாரத்தின் பின்பாதியில் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹிக், 1966. உலகம் சொகுசு விடுதி இல்லை, உயிர் பக்குவப்படும் பட்டறை. ஆபத்து இல்லாத இடத்தில் துணிவும் இல்லை, தேவை இல்லாத இடத்தில் ஈகையும் இல்லை. இதற்குத் தமிழ் மேற்கோளாகக் கட்டில் ‘சுடச்சுடரும் பொன்போல்’ குறளைப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் அடியைக் கவனித்தால் போட்டிருக்க மாட்டார்கள். துன்பம் சுடச்சுட ஒளிவிடுவது ‘நோற்கிற்பவர்க்கு’. தவம் என்று தானே ஏற்றுக்கொண்டவருக்கு. தொட்டிலில் கிடக்கும் குழந்தை நோற்கவில்லை. ஹிக்கின் கொள்கை உடைகிற இடமும் அதேதான்: பக்குவப்படுமுன் சாகிறவர்கள், பக்குவப்படாமல் நசுங்கிப்போகிறவர்கள். அவர்களுக்காக அவர் மரணத்துக்குப் பிந்திய வாழ்வைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. குறளை ஹிக்குக்குத் துணையாகப் போட்டதற்குப் பதில் எதிரே நிறுத்தியிருந்தால் பாடம் தானாக நடந்திருக்கும்.

இனி ஐந்தாம் வாரம். சித்தாந்த ஆசிரியர் வினைக்கொள்கையை வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரத்திலிருந்து தொடங்குகிறார், அது சரியான இடம். இரண்டாம் அத்தியாயம், முதல் பாதம், 34-ஆம் சூத்திரம்: இறைவனுக்குப் பாரபட்சமும் இல்லை, இரக்கமின்மையும் இல்லை, அவன் உயிர்களின் வினையைப் பார்த்தே படைக்கிறான். சங்கரர் உரையில் இறைவன் மழை மாதிரி. மழை பொது, நெல் நெல்லாக வருவதும் பார்லி பார்லியாக வருவதும் விதையால். அப்படியானால் முதல் படைப்பின்போது வினை ஏது என்றால், முதல் என்று ஒன்று இல்லை, சுழற்சி அனாதி என்று அடுத்த சூத்திரம் அடைக்கிறது. அடைப்பு உறுதிதானா? ஒவ்வொரு பிறவிக்கும் முந்திய பிறவியைக் காரணம் காட்டலாம். மொத்தச் சங்கிலியும் ஏன் இருக்கிறது என்பது அப்படியே கிடக்கிறது. 2005-இல் விட்லி காஃப்மன் என்ற தத்துவவாதி இந்தக் கொள்கைமேல் அடுக்கிய ஆட்சேபங்களில் இது ஒன்று. நினைவில்லாத குற்றத்துக்குத் தண்டனை எப்படித் திருத்தும் என்பது இன்னொன்று. வகுப்பில் இரண்டும் பேசப்பட்டன, பரவாயில்லை என்ற அளவுக்கு.

கேள்வி நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். “ஐயா, ஆஸ்பத்திரில கிடக்குற மூணு மாசப் புள்ள, போன பிறவில அப்படி என்னங்கய்யா செஞ்சுருக்கும்?”

“அது நமக்குத் தெரியாதும்மா. ஆனா ஏதோ ஒண்ணு செஞ்சிருக்கும்.”

அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆசிரியர் சொன்னது கொள்கைப்படி பிழை இல்லை. முதல் கேள்விக்கான விடையை மூன்றாவது கேள்விக்குக் கொடுத்தார், அதுதான் பிழை. கரும்பலகையில் நான்கு வாரத்துக்கு முன் எழுதிய மூன்று சொற்கள் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் அன்றைய பாடமே தொடங்கியிருந்தது.

இதில் வருத்தம் என்னவென்றால், இந்தப் பிழைக்கு மருந்து மதுரையிலேயே இருக்கிறது. ஊர் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முன்னால் வரத் துணியாமல் பின்னால் வந்து நின்று காரணம் சொல்கிறது: கோவலன் முற்பிறவியில் சிங்கபுரத்துப் பரதன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், அவன் மனைவி நீலி இட்ட சாபம் பலித்தது. வினைக்கணக்கு காசு பிசகாமல் தீர்ந்தது. கேட்ட கண்ணகி என்ன செய்தாள்? ஆறுதல் அடைந்ததாக ஒரு சொல் இல்லை. கொற்றவை வாயிலில் வளையலை உடைத்தாள். கீழ்வாயிலில் கணவனோடு வந்தேன், மேல்வாயிலில் வெறுங்கையோடு போகிறேன் என்று சொல்லி நடந்தாள். விளக்கமும் கிடைத்தது, துயரமும் அப்படியே இருந்தது. இரண்டும் இரண்டு கேள்வி என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் எந்த மேல்நாட்டுக் கட்டுரையிலும் இல்லை. கண்ணகியின் கேள்வியை முதல் பக்கத்தில் போட்டவர்கள், அவளுக்குச் சொல்லப்பட்ட பதிலை 112 பக்கத்தில் ஓரிடத்திலும் போடவில்லை.

விட்டுப்போனவை இன்னும் உண்டு. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு என்று பார்த்து, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று சொன்ன புறநானூற்று 194-ஆம் பாட்டு. பிச்சையெடுத்துத்தான் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்ற 1062-ஆம் குறள். இரண்டும் இல்லாமல் தமிழில் தீமைச் சிக்கல் வகுப்பா?

ஆறாம் வாரம் சைவ சித்தாந்தம். ஆசிரியர் தன் மண்ணில் நிற்கிறார், பேச்சு தெளிவாகிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அனாதி. உயிரை இறைவன் வெறுமையிலிருந்து படைக்கவில்லை. உயிரைப் பற்றிக்கொண்டு அதன் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தையும் அவன் உண்டாக்கவில்லை. செம்பில் களிம்பு மாதிரி அது கூடவே இருக்கிறது. வினையான கன்மமும், உடலும் உலகமும் ஆகும் மாயையும் பின்னால் வந்து கூடியவை, களிம்பைத் தேய்க்க எடுக்கும் புளியும் சாம்பலும் போல. உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தை இருளைவிடக் கொடியது என்பார்: இருட்டு மற்றப் பொருளைக் காட்டாவிட்டாலும் தன்னையாவது காட்டும், ஆணவம் அதையும் காட்டாது.

ஐந்து அட்டைகளை இந்த வாரம் யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும்: மேக்கியின் முரண் இங்கே முளைக்கவே இல்லை. எல்லாவற்றையும் வெறுமையிலிருந்து படைத்தவர் என்ற நினைப்பு அந்த வல்லமை அட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தாந்தத்தில் அது கிடையாது. அதனால் கேள்வி தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, வேறு உருவத்தில் வரும். களிம்பைத் தேய்க்க வல்லவன் அதற்கு உயிரின் இத்தனை பிறவி வரை ஏன் காத்திருக்கிறான்? மலபரிபாகம், மலம் பழுக்க வேண்டும் என்பது விடை. பழுக்கிற வேகத்தை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி, மணி ஏழரை ஆகிவிட்டது.

ஏழாவது வாரம் மட்டும் ஞாயிறு காலை, கீழக்குயில்குடி சமணர் மலை. ஆறரைக்கு அடிவாரத்து அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் கூடுகிறார்கள். ஒன்பதுக்குமேல் பாறை கொதிக்கும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். மழை பெய்திருந்தால் வெட்டுப்படிகள் வழுக்கும். செட்டிப்புடவில் ஒரு சுற்று, பிறகு பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் வரிசைக்கும் வட்டெழுத்துக்கும் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி நேரப் பாடம். படைத்தவர் என்று ஒருவரை ஏற்காதவர்கள் சமணர்கள். ஆக, முதல் இரண்டு வெள்ளை அட்டைகளும் இல்லை, முரண் கேள்வியும் இல்லை. வினை நீதிபதி வழங்கும் தண்டனை இல்லை. நுண்ணிய துகளாக உயிர்மேல் வந்து ஒட்டுவது, எண்ணெய்த் துணியில் புழுதி ஒட்டுவது போல. சங்கரரின் மழை இங்கே தேவைப்படாது, விதை தானே முளைக்கும். ஐந்தாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் நடுவே இந்த மலை வந்திருந்தால் மூன்று வினைக்கொள்கைக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று விளங்கியிருக்கும்.

எட்டாவது வாரத்துக்காகவே கட்டணம் கட்டலாம். அந்தச் செவிலியர் தத்துவப் பெயர் எதுவும் சொல்வதில்லை. கேத வீட்டில் நாம் சொல்கிற வாக்கியங்களைச் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதுகிறார். ‘எல்லாம் நன்மைக்குத்தான்.’ ‘நல்லவங்களத்தான் கடவுள் சோதிப்பார்.’ ‘என்ன காரணமோ, அவருக்குத்தான் தெரியும்.’ ‘போன ஜென்மத்துப் பாவம்.’ எழுதி முடித்ததும் ஒவ்வொன்றும் எந்த வாரத்துப் பாடம் என்று பக்கத்தில் போடச் சொல்கிறார். லைப்னிட்ஸ், ஹிக், விக்ஸ்ட்ரா, 34-ஆம் சூத்திரம் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தபோது அறையில் சத்தமே இல்லை. ஏழு வாரம் படித்ததெல்லாம் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாமே உதிர்த்த வாக்கியங்கள்.

பிறகு யோபு, பைபிளில் எல்லாம் இழந்து துன்பப்படுகிறவர். நண்பர்கள் மூவரும் வந்து ஏழு நாள் ஏழு இரவு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள் என்கிறார் செவிலியர். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதுதான் கோளாறு. நூலின் முடிவில் கடவுளின் கோபமும், கேள்வி கேட்ட யோபு மேல் இல்லை, கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள் மேல்தான். ஒப்பாரியைப் பற்றி அவர் பேசும் இருபது நிமிடம் குறிப்பெடுக்கத் தகுந்தது: அதில் கடவுளை ஏசலாம், எமனை ஏசலாம், செத்தவரையே ஏசலாம், காரணம் மட்டும் சொல்லக்கூடாது. கட்டிப்பிடித்து அழுகிறவள் விளக்கம் கொடுப்பதில்லை. ஐந்தாம் வாரம் கேள்வி கேட்ட அந்த அம்மா இந்த வகுப்புக்கு வரவில்லை. வரிசையை மாற்றி இதை ஐந்துக்கு முன் வைக்கலாம்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. லிப்ட் கிடையாது, படி செங்குத்து. மின்விசிறிச் சத்தத்தில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் பேராசிரியர் குரல் கேட்காது. ஒலிப்பதிவை வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள், நான்காம் வாரப் பதிவு பாதியில் நின்றுவிடுகிறது. டீ உண்டு, வடை தீர்ந்துவிடும். இறை நம்பிக்கை இருக்க வேண்டும் என்றோ கூடாது என்றோ யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூ முடித்தவர்கள் முதல் மூன்று வாரத்தைப் பின்தொடரலாம், கட்டை முதல் நாளே புரட்டிவிட்டுப் போனால். முதல் வகுப்பில் உறையை வாங்கியதும் உள்மடிப்பைத் தடவி மஞ்சள் அட்டை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உறைகளில் சிலவற்றில் ஒன்று தொலைந்துபோயிருக்கிறது; நான்கு அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மேசை அரை மணி நேரம் முரணைத் தேடிக்கொண்டிருந்தது.